ஈரப் பலகை

மழை நின்று நெடுநேரமாகியும், சுவரில் ஒரே ஒரு பலகை மட்டும் உள்பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்த ஆற்றுமுகத்தில் குளிர்கால மழை மூச்சு வாங்க மட்டும்தான் நிற்கும். அப்படி நின்ற ஒரு பகலில்தான் வாலுச்சிக்கு அந்தச் சொட்டு கேட்டது. தரையைத் தோண்டி இறக்கிய நீள வீடு, நடுவே அடுப்புக்குழி, மேலே புகையில் ஆடும் சால்மன் மீன் எல்லாவற்றிலும் வழக்கமான வாசனைதான். அந்தப் பலகையில் மட்டும் தேவதாரு மணம் இல்லை. நனைந்த பாயும், சேறும், வெகுநாள் மூடிக்கிடந்த எதுவோ ஒன்றும் மணத்தன. அதில் அடித்திருந்த முளையில்தான் தொட்டிலோடு அவள் பிள்ளை தொங்கினான்.

"யோவ் டமீயாக், இது எங்கய்யா கெடச்சுது?"

இந்தக் குளிர்கால வீட்டுக்குச் சுவர் வைக்க, கோடை வீட்டைப் பிரித்துப் பலகைகளை ஓடங்களின் குறுக்கே கட்டிவரும்போது, ஒன்றை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்த புருஷன் அவன்.

"மாமா குடுத்தாரு."

"எந்த மாமா?"

செத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது. மோவாயால் கீழ்க்கரையைக் காட்டினான். அங்கே செத்தவர்கள் கம்பங்கள்மேல் ஓடங்களில் கிடப்பார்கள். தண்ணீர் தங்காமலிருக்க ஓடங்களின் அடியில் துளையிட்டிருக்கும்.

"ஓடத்து மேல சும்மாதான் மூடிக் கெடந்துச்சு. நனஞ்சா அவருக்குச் சளி புடிக்குமாடி?"

"பலகைய இப்பவே அவுத்துக் கொண்டுபோய்ப் போடு. புள்ள அதுலதான் தொங்குறான்."

"போறேன், போறேன். மீன எவனும் திங்காம பாத்துக்க." வட்ட வாசலில் குனிந்து வெளியேறினான்.

தொட்டிலை இறக்கப் போனாள். முடிச்சு நனைந்து உப்பியிருந்தது, நகத்தால் நெம்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம், பலகையைக் கட்டிய கயிறு அவிழும் சத்தம் கேட்டது. பரவாயில்லை, சோம்பேறி சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறான் என்று நினைத்தாள்.

பின்னால், வாசலில் அவன் தலை.

"கயிறறுக்கிற கத்தி எங்கடி வச்ச?"

அவள் திரும்பவில்லை. கயிறு இன்னும் அவிழ்ந்துகொண்டிருந்தது.

முடிச்சு. ஈரம். பிள்ளை சிரித்தான்.

பலகை வெளியே நகர்ந்தது, தொட்டிலோடு. அவள் விரல் வழுக்கியது.

இடைவெளியில் வெளிச்சம். வெறுந்தரையில் ஓர் ஓடம். பக்கத்தில் யாருமில்லை. அடியெல்லாம் துளை. உள்ளே தண்ணீர் விளிம்புவரை நின்றது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

பலகை அதன்மேல் மெல்லப் படிந்தது, அளவெடுத்த மூடிபோல.

தொட்டில் இருந்த பக்கம் கீழாக.