நாலு மூலையிலும் மஞ்சள்

டெலிபோன் அலறியது!

ஹரிகிருஷ்ணன் திடுக்கிட்டு, ஸ்கேனரின் மூடியைப் படக்கென்று சாத்தினான்.

திருப்போரூர், 2002. அவனுடைய கம்ப்யூட்டர் சென்டர். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், ஒரு ஸ்கேனர், ஒரு அயோக்கியன்.

"ஹலோ..."

"சித்தப்பா!" மாமல்லபுரத்திலிருந்து வசுமதி. அண்ணன் சதாசிவத்தின் ஒரே மகள். "அப்பா... அப்பா போயிட்டாரு சித்தப்பா!"

"ஐயையோ! எப்படிம்மா?"

"அஞ்சு மணிக்கு மருந்து வாங்கப் போனேன். அரை மணி நேரம்தான்... திரும்பி வந்தா மூச்சே இல்ல..."

"அழாதம்மா... இதோ கிளம்பிட்டேன்!"

ரிசீவரை வைத்தான். முகத்தில் சோகம் மூன்று விநாடி தாக்குப்பிடித்தது.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிடையரான அண்ணன் படுத்த படுக்கை. டாக்டர் சொன்ன கெடு ஒரு வாரம். அதை நம்பித்தான் ஹரிகிருஷ்ணன் அன்று காலை ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியிருந்தான்.

'ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்' என்று அண்ணனிடம் வாங்கி வந்த பழைய வீட்டுப் பத்திரத்தோடு அஞ்சு மணியிலிருந்தே மல்லாடிக்கொண்டிருந்தான். அதை மறுபடி ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தான். வெளிச்சம் ஊர்ந்தது. பக்கம் முழுசாகத் திரைக்கு வந்தது. எழுத்துகளை அழித்தான். அண்ணன் கையெழுத்தை மட்டும் விட்டான். அதற்கு மேலே, கடற்கரைச் சாலை வீடு தம்பிக்கே என்று ஓர் உயிலை டைப் அடித்தான்.

என்றைக்கோ அண்ணி பத்திரத்தின் நாலு மூலையிலும் தடவிய மஞ்சள், திரையில் பளிச்சென்று தெரிந்தது. அதையும் அழிக்கப் போனவன் நிறுத்தினான்.

இருக்கட்டும்... மங்களகரமாக இருக்கிறது! அப்படியே ஸ்டாம்ப் பேப்பரில் கலர் பிரிண்ட் எடுத்தான்.

சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு நண்பர்கள். தலைக்கு ஒரு பிரியாணி.

ஒரே ஒரு சிக்கல். ஸ்டாம்ப் பேப்பரின் பின்னால் அதை விற்ற வெண்டர் போட்டிருந்தது இன்றைய தேதி. வசுமதியோ நாள் முழுக்க அப்பா பக்கத்திலேயே இருப்பவள். அவள் கண்ணில் படாமல் அண்ணன் எப்போது கையெழுத்துப் போட்டிருக்க முடியும்?

அஞ்சு மணிக்கு! அவளே சொல்லிவிட்டாளே!

மறுநாள் காலை. ஹாலில் அண்ணன் மாலையோடு படுத்திருந்தார். ஹரிகிருஷ்ணன் உயிலை நீட்டினான்.

"காரியம் முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிடும்மா. அவசரமில்ல... நாளைக்குக்கூடப் பண்ணலாம்."

வசுமதியின் அழுகை நின்றது. "பொய்! அப்பா இப்படி எழுதவே மாட்டாரு! இந்த வீட்டை விட்டா எனக்கு எங்க போக்கிடம்?"

போலீசுக்கு போன் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் அருணகிரி வந்தார். கூடவே கான்ஸ்டபிள் கருப்பன். அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் வந்திருந்தார். அடுத்த அறையில் அவரோடு பத்து நிமிடம் பேசிவிட்டு, உயிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி ஹாலுக்கு வந்தார் அருணகிரி.

"கையெழுத்து உங்கண்ணன்துதானா?"

"அச்சு அசல் சார்!"

"போட்டதை நீ பார்த்தியா?"

"என் கண்ணு முன்னாடி சார். நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. பேனாவே நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப வூட்டுல வேற யாரு இருந்தது?"

"யாருமே இல்ல சார். சாட்சிங்ககூட அப்புறமா என் கடைக்கு வந்துதான் போட்டாங்க. இங்க நானும் அண்ணனும்தான்!"

பெருமையாகச் சொன்னான்.

"கருப்பா, விலங்கை எடு."

"சா... சார்?!"

"உங்கண்ணன் தானா சாகலைப்பா. தலகாணியை மூஞ்சியில வெச்சு அமுக்கியிருக்காங்க. அஞ்சுலேர்ந்து அஞ்சே காலுக்குள்ள. எழுதி வாங்கின... ஆளை அனுப்பிட்ட! காரணம், நேரம், ஆளு... எல்லாத்தையும் நீயே தட்டுல வெச்சுக் குடுத்துட்ட. உன்ன மாதிரி நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேலையே கெடையாது!"

வசுமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நா... நான் நேத்து அஞ்சு மணிக்கு இங்க வரவே இல்ல சார்!"

"அப்ப கையெழுத்து?"

"டூப்ளிகேட் சார்! அஞ்சு மணிக்கு நான் திருப்போரூர்ல ஸ்கேனர் முன்னாடி குந்திகினு இருந்தேன் சார்!"

கருப்பன் சிரித்தார். "ஐயா, தூக்குக் கயிறுன்னதும் இன்னாமா கதை வுடறான் பாருங்க! நாலு மூலையிலயும் மஞ்சள் கீது. கம்ப்யூட்டராடா வந்து மஞ்சள் தடவும்?"

"தடவும் அண்ணாத்த! தடவும்!" ஹரிகிருஷ்ணன் கதறினான். "அதுவும் பிரிண்ட்டுதான்! சுண்ணாம்பு இருந்தா குடுங்க... நெஜ மஞ்சள்னா செவக்கும். இது செவக்காது!"

கருப்பனின் வெற்றிலைப் பொட்டலம் வெளியே வந்தது. ஹரிகிருஷ்ணனே சுண்ணாம்பை விரலில் வழித்து நாலு மூலையிலும் தேய்த்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் துக்கத்தை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிவக்கவில்லை! ஈரத்தில் கலைந்த மஞ்சள், மஞ்சளாகவே வழிந்தது.

"பார்த்தீங்களா சார்! பார்த்தீங்களா!" துள்ளிக் குதித்தான். "போலி சார்! சுத்தமான போலி! கம்ப்யூட்டர்ல ஃபைல்கூட இருக்கு... டைமோட!"

"எழுதிக்க கருப்பா. கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர்... எல்லாத்தையும் ஜீப்ல ஏத்தணும்." அருணகிரி வசுமதியிடம் திரும்பினார். "வீடு உன்னோடதுதாம்மா. அப்பாவை நல்லபடியா வழியனுப்பு. அவருக்கு வந்தது மாரடைப்பு. டாக்டர் முதல் வார்த்தையா சொன்னதே அதுதான்."

ஹரிகிருஷ்ணனின் வாய், மூடி திறந்த ஸ்கேனர்போல நின்றது.

"அப்ப... அந்தக் கொலை?"

"நீ இல்லாத உயிலை உண்டாக்கின... நான் இல்லாத கொலையை உண்டாக்கினேன்!" அருணகிரி அவன் தோளில் தட்டினார். "என்ன... எனக்குக் கரண்ட் செலவு இல்ல!"