சித்திரையில் உறைந்த எண்ணெய்

ரூபியின் வீட்டில் கீழே மார்கழி, மேலே சித்திரை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்!

எல்லாம் அப்பா ஞானராஜ் செய்த வேலை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஜெயமேரி அத்தைக்கும் கைக்குழந்தைக்கும் மாடி அறையைக் கொடுத்திருந்தார். ஏசி இருந்ததோ கீழே, கூடத்தில்.

“பச்ச உடம்புக்கு ஏசிக் காத்து நேரா படக் கூடாது. பதினெட்டுல வச்சா குளிரு படி வழியா மெதுவா மேல ஏறிரும்” என்று சொல்லி, மாடிப்படிக் கதவையும் திறந்தே போட்டுவிட்டார்.

குளிர் எங்கே ஏறியது? கூடத்தில் அண்ணன் ஸ்டீபன்ராஜ் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். மாடியில் அனல் பறந்தது. பாப்பாவின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது அதற்குத் தொண்டையே கட்டிவிட்டது.

“நான் நாளைக்கே வடமதுரைக்குக் கெளம்புறேன் ரூபி. பாப்பாவால தாங்க முடியல” என்றார் அத்தை.

ரூபிக்குத் திக்கென்றது. பாப்பா லீவு முழுக்க இங்கேதான் இருக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

“கீழ தேங்காண்ணெய் இருக்கும், எடுத்துட்டு வா தாயி. பாப்பாவைக் குளிப்பாட்டணும்” என்றார் அத்தை.

ரூபி ஓடினாள். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. வெளியே ரோட்டில் தார் இளகுகிற வெயில்!

அதை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீராக உருகிவிட்டது. அவ்வளவுதான், ரூபிக்குப் பொறி தட்டியது.

அந்த எண்ணெயில் கொஞ்சம் எடுத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றைக் கூடத்தில் வைத்தாள், ஒன்றை நடுப்படியில், ஒன்றை மாடியில். மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னத்தா இது? படிக்குப் படி எண்ணெய் வச்சிருக்க?”

“நல்லாப் பாருங்கப்பா.”

கூடத்து எண்ணெய் கட்டியாக இருந்தது. நடுப்படியிலும் மாடியிலும் எண்ணெய் உருகித் தளும்பியது.

“குளிரு மேல ஏறலப்பா. பாதிப்படிகூட வரல. கீழயே உக்காந்துருச்சு!”

அப்பா கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “அடக் கடவுளே! அப்ப இம்புட்டு நாளா எண்ணெயைத்தான் குளிர வச்சுக்கிட்டு இருந்தேனா?”

போர்வைக்குள்ளிருந்து, “என்னையும் சேத்துக்கங்க!” என்று ஸ்டீபன்ராஜின் குரல் வந்தது.

“சரித்தா, பாப்பாவைக் கீழ கொண்டாந்தா குளிரு ஒத்துக்காதே?”

“இந்த எண்ணெய் உருகுற அளவுக்குக் குளிரைக் குறைங்கப்பா. காத்து நேரா படாத மூலையில தொட்டில் கட்டிருவோம்.”

அப்பா ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். ரூபி படிக்கதவைச் சாத்தினாள். இருபத்து மூன்றில் வைத்தாள், எண்ணெய் அசையவில்லை. இருபத்தேழில் வைத்துக் காத்திருந்தாள். மெல்ல மெல்ல எண்ணெய் இளகியது. ஸ்டீபன்ராஜ் போர்வையை உதறிவிட்டு எழுந்தான்.

அம்மா பழைய சேலையில் தொட்டில் கட்டினார். பாப்பா இரண்டு ஆட்டு ஆட்டுவதற்குள் தூங்கிப் போனது. அத்தை வடமதுரையில் இருந்த மாமாவுக்குப் போன் போட்டு, “ஏங்க, கூட்டிட்டுப் போக நாளைக்கு வர வேணாம். பிள்ள அசந்து தூங்குது” என்று கிசுகிசுத்தார். ரூபி சத்தம் வராமல் குதித்தாள்.

“நீ கீழயே இரு ஜெயா. நான் மாடியில படுத்துக்கிறேன்” என்று அப்பா ஜம்பமாகத் தலையணையோடு மேலே போனார்.

போன வேகத்தில், சட்டையெல்லாம் நனைந்து இறங்கி வந்தார்.

“ரூபி, இங்கன ஓரமா கொஞ்சம் எடம் கெடைக்குமா?”

“படுத்துக்கங்கப்பா. ஆனா கொறட்டை விட்டீங்க, திரும்ப மாடிக்குத்தான்!”