ஷெட்டுக்குள் சுற்றிய லாரி

கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின.

கலைமணி கையில் முட்டையோடு அப்படியே நின்றாள். நீளமான ஷெட். இரண்டு பக்கமும் கூண்டுகள். கூண்டுகளுக்கு வெளியே நீண்டிருந்த ஆயிரக்கணக்கான தலைகளும் வாசல் பக்கம் பார்த்தன.

அங்கே ஒரு லாரி உறுமியது. ஆனால் வாசலில் லாரி இல்லை.

க்ரீ...ச்!

டயர் தேயும் சத்தம் வாசலிலிருந்து கிளம்பி மறுகோடிக்குப் போனது. தலைகளும் கூடவே திரும்பின. சத்தம் மறுபடி வாசலுக்கு வந்தது, மறுபடி போனது. கண்ணுக்குத் தெரியாத லாரி ஒன்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஓடியா சாமி!" அம்மா பழனியம்மாள் அவளை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வெளியே மைதானம் காலியாக இருந்தது. மண்ணில் ஒரு டயர் தடம்கூட இல்லை. தூரத்தில் கொல்லிமலை கறுத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான். சாயங்காலம் ஷெட்டில் விளக்குப் போடும் நேரத்தில் சத்தம் வரும். பயந்துபோன கோழிகள் ஓடில்லாத தோல்முட்டை இட ஆரம்பித்துவிட்டன. பண்ணை முதலாளி குணசீலன் அந்த நேரத்தில் நாமக்கல்லில் இருப்பார். சொன்னால், "ரோட்டுல போற லாரியா இருக்கும்" என்று சிரிப்பார்.

"நாளைக்குக் காலைல அயோத்தியாப்பட்டணம் போயிரலாம், உங்க மாமன் ஊட்டுக்கு" என்றாள் அம்மா. "பேயி ஓட்டுற லாரிக்கு நடுவுல என்னால முட்டை பொறுக்க முடியாது."

"பள்ளிக்கூடம்?"

"அங்கயும் இருக்குது."

இருக்கும். ஆனால் தோழி மதுமதி இருக்கமாட்டாள். இருவரும் பள்ளிக்காகப் பாதி செய்து வைத்திருக்கும் காற்றாலை மாதிரி இருக்காது.

கலைமணி ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். "முட்டை அட்டையை உள்ளயே உட்டுட்டு வந்துட்டமே. எடுத்துட்டு வாரேன்."

"போவாத கண்ணு!"

அவள் போய்விட்டாள்.

உள்ளே சத்தம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கலைமணி கோழிகளைக் கவனித்தாள்.

லாரி ஓடினால் அவை தரையைப் பார்க்க வேண்டும். அவை மேலே அல்லவா பார்த்தன!

அவளும் மேலே பார்த்தாள். வாசல் பக்கக் கூரையில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி. மறுகோடியில் இன்னொன்று. சத்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. பிறகு நின்றது.

டிங்! டிங்! டிங்!

பேய்க்கு யார் மார்க் போடுகிறார்கள்?

கோழிகள் சின்னச் சத்தத்துக்கெல்லாம் மிரளாமல் இருக்க, அந்தப் பெட்டிகளில் எப்போதும் பாட்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ கெட்டுப்போனதால், முதலாளியின் மகன் சந்தோஷ்குமார் தன் போனை இணைத்துப் பாட்டுப் போட்டான். அதற்குப் பிறகு பாட்டே இல்லை. லாரிதான்.

கலைமணி பின்கதவு வழியாகத் தீவன அறைக்கு ஓடினாள்.

அரை இருட்டில், மூட்டைகளின் மேல் சந்தோஷ் உட்கார்ந்திருந்தான். போன் வெளிச்சம் அவன் முகத்தில் நீலமாக விழுந்தது. திரையில் ஆரஞ்சு நிற லாரி ஒன்று ஒரே இடத்தில் வட்டமடித்தது. டயர்களிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. போனிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. எல்லாச் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் அலறியது.

"சந்தோசு!"

அவன் துள்ளினான். லாரி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமும் அமைதி.

"ஏன் இப்படிப் பயமுறுத்துற? லாரியை வட்டமாச் சுத்த உட்டு டோனட் போட்டுட்டு இருந்தேன். இன்னும் ஒரு சுத்து சுத்தியிருந்தா அடுத்த லெவல்!"

"உன் போன்ல ஏன் சத்தம் வரல?"

"கீழ உழுந்துச்சு. சவுண்டு போயிருச்சாட்ட இருக்குது. ரோட்டுல போற லாரிச் சத்தந்தான் கேக்குது."

"போகல. வேற எடத்துல வருது. இப்ப ஒரு சுத்து சுத்து, பாக்கலாம்."

அவன் திரையை அழுத்தினான். சுவர் அலறியது. சந்தோஷின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, பேயி!"

"பேயி நீதான்."

ஞாயிற்றுக்கிழமை இணைத்த போன் இன்னும் அந்தப் பெட்டிகளை விடவில்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "கலை, அப்பாகிட்டச் சொல்லிராத. போனைப் புடுங்கிருவாரு."

"சொல்லல. ஆனா எங்கம்மாகிட்ட நீயே வந்து காட்டோணும். இல்லீனா நாளைக்கு நாங்க ஊரை உட்டே போயிருவோம்."

"திட்டுவாங்களே!"

"திட்டத்தான் செய்வாங்க. நான் கூடவே நிக்கறேன்."

ஷெட்டை ஒட்டிய தங்கள் வீட்டு வாசலில் பழனியம்மாள் சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷ் அவளை ஷெட் வாசலுக்கு அழைத்துவந்து போனைக் கையில் கொடுத்தான்.

"அக்கா, இங்க அமுக்குங்க."

அவள் ஒரு விரலால் அழுத்தினாள். ஷெட் உறுமியது. விரலை எடுத்தாள். அமைதி. மறுபடி அழுத்தினாள். உறுமல். எடுத்தாள். அமைதி.

"அட, நான் சொன்னா நிக்குதே இந்தப் பேயி!" பழனியம்மாள் சிரித்தாள். அடுத்த நொடி சந்தோஷின் காது அவள் கையில் இருந்தது. "ஏஞ் சாமி, கோழிக எல்லாம் மெரண்டு கெடக்குது, தெரியுமா?"

"தெரியாதுக்கா! இனிமே ப்ளூடூத்தை அணைச்சுட்டுத்தான் வெளையாடுவேன்!"

அப்போதே அணைத்தான். லாரிச் சத்தம் போனுக்குள் கொசு ரீங்காரம் போலச் சுருங்கியது.

வெளியே பைக் வந்து நின்றது. குணசீலன் இறங்கினார். சந்தோஷ் கலைமணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"என்ன பழனியம்மா, பையெல்லாம் கட்டியிருக்குது? இன்னிக்கும் லாரி வந்துச்சாக்கும்?" அவர் சிரித்தார்.

"வந்துச்சுங்க. டிரைவர்கிட்டப் பேசிட்டனுங்க. இனிமே வராதுங்க."

அவர் சிரிப்பு நின்றது. "டிரைவரா? எங்க?"

"இங்கதானுங்க நிக்கறாரு."

பழனியம்மாள் பையைப் பிரித்து, சேலைகளை உதறிக் கொடியில் போட்டாள்.

குணசீலன் இருட்டிவிட்ட மைதானத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, வேகவேகமாக வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.