ஒளியுணரிக்கு ஓர் உறை

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யானாலும் என் பல்செட் இன்றைக்கே சோற்றோடு உள்ளே போகட்டும்.

புதன் கோளில், சங்கரவடிவு வீட்டில், அன்றைக்கு விடிகிற நாள். அங்கே ஒரு ராத்திரிக்குப் பூமிக் கணக்கில் எண்பத்தெட்டு நாள். விடியப்போகிறது என்றால் எல்லா வீட்டிலும் ஈயச் சொம்பை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். வெயிலில் விட்டால் சொம்பே ரசமாகிவிடும்.

அந்த ராத்திரியில்தான் அவள் கணவன் இசக்கியப்பன் ஜன்னலுக்குத் தானியங்கி வெயில்திரை மாட்டியிருந்தான். வெளிச்சுவரில் ஒளியுணரி என்று எலுமிச்சை அளவில் ஒரு கருவி. அதன்மேல் வெளிச்சம் பட்டால் திரை தானாக இறங்கிவிடும்.

சூரியன் எழுந்தது. திரை இறங்கவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில், பூமியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த சங்கரவடிவின் அண்ணன் பிரம்மநாயகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. தரைவிரிப்பு புகைந்தது. கோடு கட்டிலை நோக்கி நகர்ந்தது. அறைவாசலில் நின்ற கணவன் மனைவி இருவராலும் அதைத் தாண்ட முடியாது.

"ஏட்டி, தெர ஏன் எறங்கல?"

"என்னயக் கேட்டா? நீங்கதான மாட்டுனீய! அண்ணே, எந்திரிங்க அண்ணே! ஐயோ, மீசையில பொக வருதே!"

இசக்கியப்பன் ரிமோட்டை எடுத்து அழுத்தினான். வாங்கிய நாள் முதல் பிரிக்காத பிளாஸ்டிக் கவர், அதன்மேல் இரண்டு ரப்பர் பேண்ட். எந்தப் பட்டன் எது என்று தெரியவில்லை. ஃபேன்தான் சுற்றியது.

வெப்பக் கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான். ஒளியுணரியைக் காணோம். அது இருந்த இடத்தில், பழைய கவசத் துணியில் தைத்து, கிளிப் படம் பூவேலை செய்த ஓர் உறை. பிடுங்கினான். திரை படபடவென்று இறங்கியது.

பிரம்மநாயகம் ஒரு பக்க மீசையோடு எழுந்து உட்கார்ந்தார். "காப்பி போட்டாச்சா?" என்றார்.

இசக்கியப்பன் உள்ளே வந்து, உறையை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டி விழித்தான்.

"என்ன முழிக்கிறீய? புதுச் சாமான்லா! வெயில் பட்டா வீணாப் போயிரும்னு நாந்தான் தச்சுப் போட்டேன்."

"வெயில் படத்தாண்டி அத வச்சதே!"

"அது எனக்கெப்படித் தெரியும்? கூட வந்த புஸ்தகத்தத்தான் அழுக்காயிரும்னு நீங்க பிரிக்காம பீரோவுல வச்சிருக்கீயளே."

இப்போது பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறேன்: புதன் குடியேற்றத்தில் வீடுகள் எல்லாமே தரைக்கு நூறடி கீழே இருக்கின்றன. ஒரு வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது.