பதின்மூன்றாம் கட்டில்

பயிற்சிக்கென்று நிஹ்லா கணினியில் கற்பனையாக உருவாக்கிய நோயாளிகள் பன்னிரண்டு பேர். இன்று பட்டியலில் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.

"இவவ யாரு மிஸ் சேர்த்த?" என்று பஸ்மினா கேட்டாள். "பேரு சபியா உம்மா. ஊரு சாய்ந்தமருது. பதின்மூன்றாம் கட்டில்."

"பன்னிரண்டு பேர் போதாதெண்டு மிஸ் இன்னொராளையும் புடிச்சிப் போட்டிரிக்கா," என்றாள் கேதீஸ்வரி. தாதியர் வகுப்பு சிரித்தது.

நிஹ்லா சிரிக்கவில்லை. கல்முனைப் பிரதான வீதியின் இரைச்சலும், பகல் வெயிலில் தகரக் கூரை நெளியும் சத்தமும், மின்விசிறியின் கிறீச்சும் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாடி அறைக்குள், எங்கிருந்தோ கோடாலித் தைலத்தின் வாசனை மெல்ல ஏறி வந்து அவளுடைய ஹிஜாபுக்குள் புகுந்துகொண்டது.

ஆறு வருடங்களுக்கு முன், அவள் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த காலத்தில், சபியா உம்மாவின் பதின்மூன்றாம் கட்டிலில் இதே வாசனைதான். மாலை ஆறு மணி வரைக்குமான நாடித்துடிப்பை நிஹ்லா அன்று பகல் பன்னிரண்டுக்கே எழுதி முடித்திருந்தாள். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், வேலை மிச்சமாகும்.

"புள்ள, நெஞ்சி அடைக்கிது. ஒருக்கா வந்து பாருகா."

நிஹ்லா மேசையை விட்டு எழும்பவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இரிக்கி உம்மா. படுங்க."

இரண்டு மணிக்கு சபியா உம்மா மௌத்து; கட்டிலிலேயே உயிர் போயிருந்தது. தாளில் ஆறு மணிக்கும் நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. அந்தத் தாளை நிஹ்லா அன்றே எரித்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளுக்கு அவள் சொல்லும் முதல் பாடம், பார்க்காமல் எழுதாதே என்பது.

"அத அழிச்சி உடு, பஸ்மினா."

"அழியிதில்ல மிஸ்."

விசைப்பலகையில் யாருடைய கையும் இல்லை. திரையில் எண்கள் ஏறின. பன்னிரண்டு மணி, எழுபத்தெட்டு. இரண்டு மணி, எழுபத்தெட்டு. ஆறு மணி, எழுபத்தெட்டு. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இன்னும் ஆகவில்லை.

மேலே இருந்த பெயர் மாறியது. நிஹ்லா.

பள்ளிவாசலில் பகல் தொழுகைக்கான ளுஹர் வாங்கு தொடங்கியது. நிஹ்லாவின் நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. மேசை விளிம்பைப் பிடித்தாள். கை வழுக்கியது. அவள் விழுந்த தரை குளிர்ந்திருந்தது.

யாரும் திரும்பவில்லை. எல்லா முகமும் திரையில்.

"புள்ள..." அவள் வாயிலிருந்து வந்தாலும் அது அவள் குரலே இல்லை. கிழட்டுக் குரல். "நெஞ்சி அடைக்கிது. ஒருக்கா வந்து பாருகா."

பஸ்மினா திரையைப் பார்த்தாள். எழுபத்தெட்டு.

"எல்லாம் நல்லாத்தான் இரிக்கி மிஸ். படுங்க."

நிஹ்லா தன் நாடியைத் தேடினாள். அவள் விரல்களுக்கு முன்பே வேறு விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன. சுருங்கியவை. தைலம் பிசுபிசுத்தவை.

அவை அவசரப்படவில்லை. அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றாக எண்ணின.

துடிப்பு நின்ற பிறகும் விடவில்லை.