இருபத்தெட்டு முடிச்சு

"சாவி என் கையில இருக்குதுடி. பார்த்துக்கோ, கையில..."

"கையில இருந்தா விளக்கு ஏன்யா எரியுது? நான் அதைத்தானே கேட்டுக்கினு..."

"எங்கியோ எர்த்து ஒட்டிக்கினு இருக்குது, அதான்..."

"பேட்டரி ஒயரையே கழட்டிட்டியே! எது எங்க ஒட்டுது?"

கழற்றிய ஒயரைக் கையில் பிடித்தபடியே ராஜவேலு மோரிஸ் மைனர் காரின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு. டைனமோ கரண்டு தராதபோது எரிந்து, எஞ்சின் வேகம் எடுத்ததும் அணைய வேண்டிய விளக்கு அது. எஞ்சின் ஓடவில்லை, பேட்டரி இல்லை, சாவி இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது.

வண்டி சின்ன காஞ்சிபுரத்து சக்ரவர்த்தி வாத்தியாருடையது. டைனமோ கருகிப்போய் ஒரு மாதமாகப் பிள்ளையார்பாளையத்தில், ராஜவேலு வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் கிடந்தது. புது டைனமோ மெட்ராஸ் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பழையது ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். அதன் உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அவன் மனைவி சம்பூர்ணம் தறிக்கார வீட்டுப் பெண்; மயிர் போன்ற பட்டிழையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற விரல். நாலு மத்தியானம் உட்கார்ந்து அவள்தான் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தாள்.

"வாத்தியார் இன்னா சொன்னார் தெரியுமா? இப்பல்லாம் சீமையில டைனமோவே போடறதில்லியாம், ஆல்டர்னேட்டராம். நான்தான் பெருமையா, என் வீட்டுக்காரி கை வச்சா மெஷினு தோத்துடும் சார்னுட்டு வந்தேன். நீ என்னாடான்னா விளக்கைப் பார்த்துப் பயந்துக்கினு இருக்க."

"அந்த டைனமோ யார் வண்டியோடது?"

"காயலாங்கடையில வாங்கினது."

"கடைக்கு எங்கிருந்து வந்திச்சி?"

அவன் ஒயரைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"மாகறல் பக்கம், ஏரியில விழுந்த வண்டி."

போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், காஞ்சிபுரத்துக்கு வழி தேடி வந்த யாரோ வெளியூர்க்காரர் பாதை எது ஏரி எது என்று தெரியாமல் காரோடு உள்ளே போய் மூழ்கிப்போனார். இரண்டு ராத்திரி வண்டியை எடுக்க முடியவில்லை.

"ரெண்டு ராத்திரியும் தண்ணிக்கு அடியில விளக்கு எரிஞ்சிதுன்னாங்களே, அந்த வண்டியா?"

"பேட்டரி இருந்திருக்கும், எரிஞ்சிருக்கும். இன்னா இப்ப? பழைய கம்பி பூரா எடுத்துட்டுத்தானே நீ புதுசு சுத்தின?"

அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டினாள்.

"சம்பூ. எடுத்துட்டுத்தானே?"

"வெறும் தறியில யாருய்யா பாவு ஏத்துவாங்க?"

புடவை அறுத்து எடுத்தபின் நீளவாட்டில் ஓடுகிற பழைய பாவு இழைகளின் வாலைத் தறியிலேயே விட்டு, புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் அதன் ஒவ்வொரு இழையோடும் முறுக்கிச் சேர்ப்பதுதான் அவள் பிறந்த வீட்டு வழக்கம். பழசு இழுத்துக்கொண்டு போகிற வழியில்தான் புதுசு போகும். அந்தக் கைப்பழக்கத்தில் அவள் டைனமோ உருளையின் இருபத்தெட்டு காடிப் பள்ளத்திலும் நாலு விரல் பழைய கம்பியை விட்டு, சுரண்டி, புதுக் கம்பியை அதோடு முறுக்கி, மேலே நாடா சுற்றி வார்னிஷ் பூசி மறைத்திருந்தாள்.

ராஜவேலு சிரித்துவிட்டான். "அடிப்பாவி! டைனமோவைத் தறியாக்கிட்டியா? போவட்டும், கம்பி பழசா புதுசான்னு கரண்டு கேக்கப்போவுதா?"

அவன் பேட்டரி ஒயரை மாட்டினான்.

"ஏறாதய்யா. கழட்டிக் குடு. இருபத்தெட்டையும் அறுத்துட்டு மறுபடி சுத்தித் தரேன். ரெண்டே நாளு."

"ரெண்டு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும்னாரு. ஓட்டினா விளக்கு அணைஞ்சிடும், பாரு."

"அணையலன்னா?"

அவன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. சித்திரை வெயிலில் தலைக்கு மேலே தகரம் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருக்க, அடுத்த வீட்டில் பட்டு நூலை வேகவைக்கிற சோடாக் காரமும் பெட்ரோல் நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, தெருவில் சோற்றுக்காக ஒவ்வொரு தறியாக நின்று கடைசித் தறியின் சத்தமும் அடங்கிப்போக, அந்த எஞ்சினின் உறுமலுக்கு அடியில் வேறொரு ஒலி இருப்பதை அவள் கேட்டாள். கரையில் அலை தட்டுகிற ஒலி. சளக். சளக். பெட்ரோல் நெடி மெல்ல விலகி, அந்த இடத்தில் பாசி நாறியது.

விளக்கு அணையவில்லை.

உள்ளே அவன் சாவியைத் திருப்புவது தெரிந்தது. மறுபடி திருப்பினான். பிடுங்கி எடுத்து, கையில் வைத்துப் பார்த்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்குய்யா!"

உள்பக்கம் கண்ணாடி வியர்த்தது. அவன் வாய் அசைந்தது. குரல் வரவில்லை. கதவுப் பிடியைப் பற்றினாள். வெயிலில் கொதிக்க வேண்டிய இரும்பு கிணற்றுக் கயிறுபோலச் சில்லிட்டிருந்தது. இழுத்தாள். நகரவில்லை. அந்தப் பக்கம் ஓடினாள். அதுவும் நகரவில்லை.

கண்ணாடிக்குள் அவன் இடுப்பளவு தண்ணீர். கலங்கிய தண்ணீர். ஏறிக்கொண்டிருந்தது.

திறந்து கிடந்த பானெட்டுக்கு ஓடினாள். பெல்ட் சுழன்றது. டைனமோ சுழன்றது. அவள் போட்ட முடிச்சு இருபத்தெட்டும் அதற்குள்ளே சுழன்றன. கை வைக்க முடியாது. வெளியே வந்த ஒயர் இரண்டு. கட்டிங் பிளேயர். ஒன்று. இன்னொன்று.

எஞ்சின் நின்றது.

"போச்சிய்யா! அறுத்துட்டேன், போச்சி!"

தகரம் டிக்கென்றது. அவள் கதவுப் பக்கம் வந்தாள்.

தண்ணீர் அவன் கழுத்தில் நின்றது. காதில் செருகியிருந்த பென்சில் மிதந்தது. அடியில், கலங்கலுக்குள், சிவப்பாக அந்த விளக்கு. அவன் முன்னால் பார்த்தபடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

"இந்தா. என்னைப் பாருய்யா. சம்பூய்யா."

அவன் ஒரு கையை எடுத்துக் கண்ணாடியை இறக்கினான். நாலு விரல். ஒரு சாண். தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இறங்கியது கண்ணாடி. ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

மெதுவாக முகத்தைத் திருப்பினான். மழையில் பாதையோரம் ஒதுங்கி நிற்கிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல, கண்ணை இடுக்கிக்கொண்டு, மரியாதையாக அவளைப் பார்த்தான்.

"ஏம்மா, காஞ்சிபுரம் இன்னும் எவ்வளவு தூரம் இருக்குங்க?"