வாசல் பாப்பா

காலை ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் பதினோரு பச்சைக் கோடுகள் வகுப்பறைத் தரையில் ஒன்றாகக் கிளம்பின. பொம்மை அலமாரியைச் சுற்றிக்கொண்டு போய் வாசலோரத்துக் கடைசி டைலில் முடிந்தன. பதினோரு பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே யாரும் இல்லை.

இளம்பரிதி அப்போதுதான் கருவிப்பெட்டியோடு பின்வாசல் வழியாக உள்ளே வந்திருந்தான். மகள் அல்லியை முன்வாசலில் விட்டு ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"எட்டு மாசமா இதே கூத்துத்தானுங்க சார்," என்றார் ஜெசிந்தா மிஸ். "வாசல் பாப்பான்னு பேரே வெச்சிருச்சுங்க. சுண்டல்ல அதுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சாத்தான் மத்ததுங்க சாப்பிடும். அதைத் தின்னே தெருநாய் கன்னுக்குட்டியாட்டம் ஆயிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எதைச் சொன்னாலும் சிரிப்பவர் அவர்.

வகுப்பறைத் தரையாகப் பதித்திருந்த துணைத்தளம் பாதத்தின் வழியே நாடி பார்க்கும். எந்தப் பிள்ளையின் மனம் சோர்கிறதோ, அதை நோக்கித் தெம்பாக இருக்கும் பிள்ளைகளின் காலடியிலிருந்து கோடு போடும். அங்கே போய் என்ன செய்வது என்று சொல்லாது. அது பிள்ளைகளுக்கே தெரியும். பக்கத்தில் உட்காருவார்கள். மூக்கைத் துடைத்துவிடுவார்கள். சில சமயம் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக் காட்டுவார்கள்.

அம்மா இறந்த பிறகு அல்லி இரண்டு மாதம் பேசவில்லை. ரிஸ்வானா என்ற ஐந்து வயதுக்காரி கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, தினமும் அருகில் உட்கார்ந்து, தன் பல் ஆடுவதைப் பற்றியே பேசினாள். பல் விழுந்த அன்று அல்லி "காட்டு" என்றாள்.

இந்த வாசல் கோளாறுக்காக மூன்று முறை ஆட்கள் வந்து டைலை மாற்றியாகிவிட்டது. இன்றும் பிடிபடாவிட்டால் தளத்தையே பெயர்த்துவிடப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அதனால்தான் தளத்துக்கு நிரல் எழுதிய இளம்பரிதியே வந்தான். தளம் போகக்கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவே.

பதிவைத் திறந்தான். நேரம் ஒன்பது நான்கு. ஒற்றைப் பாதம். எடை இருபத்திரண்டு கிலோ. நின்றது பன்னிரண்டு நொடி. மனம், அடிமட்டம். நேற்றும் அதேதான். அதற்கு முந்தைய நாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

பாத நீளம் இருபத்தாறு சென்டிமீட்டர்.

இளம்பரிதி தன் காலைப் பார்த்தான்.

தினமும் அவன் ஒரு செருப்பை மட்டும் கழற்றுவான். வலது காலை உள்ளே வைத்து, எட்டிச் சாப்பாட்டுப் பையைக் கொடுப்பான். இடது கால் படியிலேயே நிற்கும், உடல் பாரமும் பெரும்பாலும் அதில்தான். முழுதாக உள்ளே வந்ததில்லை. தளம் கணித்துக் கோடு போட அரை நிமிடம் ஆகும். அதற்குள் தெருமுனைக்குப் போய்விடுவான்.

முப்பது கிலோவுக்கு மேற்பட்டவர்களைத் தளம் கணக்கில் எடுக்காது. அந்த விதியை எழுதியதும் அவன்தான். முதல் சோதனையில் கோடுகள் எல்லாம் ஆசிரியைகளை நோக்கியே ஓடின. பிள்ளைகள் அவர்கள் மடியை விட்டு இறங்கவில்லை. தளம் தப்பாக அளக்கிறது என்று நிறுவனம் முடிவு கட்டியது. அவனும் அப்படித்தான் நினைத்தான். ஒற்றைக் காலோடு ஒருவன் வந்து நிற்பான் என்று யாரும் நினைக்கவில்லை.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் எட்டு மாதமாக "ஒண்ணுமில்ல" என்றே சொல்லி வந்தான்.

முன்வாசலுக்குச் சுற்றிப் போனான். ஒரு செருப்பைக் கழற்றினான். வலது காலை வைத்தான். இந்த முறை நின்றான்.

கோடுகள் வந்தன. ரிஸ்வானாதான் முதலில் வந்து சேர்ந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"வாசல் பாப்பாவுக்கு மீசை இருக்குது," என்று பின்னால் வந்தவர்களுக்கு அறிவித்தாள்.

"அது எங்கப்பா," என்றாள் அல்லி. "எனக்கு முதல்லயே தெரியும்."

"ஏன்டா சொல்லல?" என்று மகளிடம் கேட்டான்.

"நீ நின்னாத்தானே சொல்றதுக்கு."

ஆளுக்கொரு விரலைப் பிடித்து இழுத்தார்கள். இடது காலும் உள்ளே வந்தது. எழுபது கிலோ. கோடுகள் அத்தனையும் சட்டென அணைந்தன.

"சரியாயிருச்சு," என்று ரிஸ்வானா திரும்பி நடந்தாள்.

அல்லி அவனை அண்ணாந்து பார்த்தாள். "இன்னும் ஆகல. ஒரு காலை வெளிய வைப்பா."

அவன் வைக்கவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையடக்கத் திரையைத் திறந்தான். எடை வரம்பு இருந்த வரியை அழித்தான்.

அரை நிமிடம். பதினொன்றில் ஆறு கோடுகள் அவனிடம் வந்தன. அவற்றில் ஒன்று அல்லியின் காலடியிலிருந்து. மீதி ஐந்து கோடுகளும் பாதி வழியில் வளைந்து, சுண்டல் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்ற ஜெசிந்தா மிஸ்ஸை நோக்கி ஓடின.

அவர் சிரிப்பு நின்றது. "எனக்கெதுக்குங்க சார்..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் ஐந்து பேர் வந்து தட்டை வாங்கி வைத்துவிட்டு, அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒருத்தி முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்தாள். மற்றொருத்தி செருப்பைத் தேடி ஓடினாள். அது தலைக்கு ஏறியதும் மிஸ் மறுபடி சிரித்தார். இது வேறு சிரிப்பு.

ஒரே நிரலில் ஓடும் தளங்கள் நானூறு பள்ளிகளில் இருந்தன. பதினொரு மணிக்கு நிறுவனத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார். எங்கேயும் பாடம் நடக்கவில்லையாம். ஆசிரியைகள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். இரண்டு தலைமையாசிரியர்கள் தூங்கியே போனார்களாம். தளம் மறுபடி தப்பாக அளக்கிறதா என்று கேட்டார்.

இளம்பரிதியின் மடியில் அல்லி இருந்தாள். தோளில் ரிஸ்வானா.

"இல்லைங்க," என்றான். "அப்பவும் சரியாத்தான் அளந்துச்சு."

வாசலில் நாய் வெகுநேரம் காத்திருந்தது. அன்று கிண்ணம் வெளியே வரவே இல்லை.